எதுலயும் மோதல, ஆனா முதுகெலும்பு நசுங்கிருச்சு: பிறையில ஒரு லோரி டிரைவரோட கேஸ்

இந்த கேஸ எழுதட்டுமான்னு அந்த லோரி டிரைவர் அண்ணன்கிட்டயும் அவரு வீட்டுக்கார அண்ணிகிட்டயும் கேட்டுட்டு தான் உக்காந்தேன். பேரு போடல, கம்பெனி பேரு போடல, மொதல்ல போன கிளினிக் எது, எந்த ரோடு, அதுவும் வேணாம். மத்தபடி நடந்தது நடந்தபடி. நான் மலேசியாவுல, பினாங்கு பிறைங்கிற ஊர்ல அரிசி மளிகை சப்ளை பண்ற ஒரு எடத்துல சேஃப்டி பாக்குறேன், ஒன்பது லோரி ஓடுது, அண்ணன் அதுல பழைய ஆளு, 54 வயசு, 26 வருஷமா லோரி ஓட்டுறாரு, ஒருத்தர கூட இடிச்சதில்ல. அன்னைக்கும் அவரு யாரையும் இடிக்கல, எதுலயும் இடிக்கல, லோரில ஒரு கீறல் கூட இல்ல. அதனாலயே அவரு முதுகெலும்பு நசுங்கினது ஒன்பது நாளா யாருக்கும் தெரியாம போச்சு, எனக்கும் தான்.

அன்னைக்கு நடந்தது

தீபாவளிக்கு ரெண்டு வாரம் இருக்கு, செவ்வாக்கிழமை. அந்த நேரத்துல ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியா கடைங்களுக்கு அரிசி, எண்ணெய், பருப்பு எல்லாம் ரெண்டு மடங்கா போகும், ஒரு டிரிப் ஓடுற லோரி ரெண்டு டிரிப் ஓடும். அண்ணன் காலைல ஒரு டிரிப் முடிச்சு, ரெண்டாவது லோடும் லெபு பாசார் பக்கம் எறக்கிட்டு, பினாங்கு பாலம் ஏறி இந்தப் பக்கம் திரும்பி வந்துட்டிருந்தாரு. கூட கெலிண்டான் (லோரி உதவி ஆளு) இல்ல, அந்த பையன வேற லோரிக்கு மாத்தி விட்டாச்சு. பின்னாடி காலி, பலகை பேலட் ஏழெட்டு மட்டும். மத்தியானம் நல்ல மழை அடிச்சு விட்டிருந்துச்சு, ரோடு ஓரமெல்லாம் தண்ணி.

ஸ்டோருக்கு இன்னும் நாலு கிலோமீட்டர். எதிர்ப்பக்கத்துல இருந்து ஒரு மோட்டர் சைக்கிள்காரன் திடீர்னு யூ டர்ன் அடிச்சு இவரு முன்னாடி வந்துட்டான். அண்ணன் பிரேக்க ஒரே மிதி மிதிச்சு எடது பக்கம் ஒடிச்சாரு, மோட்டர் மேல படல, ஒரு கை அளவுல தப்பிச்சு அவன் திரும்பிக் கூட பாக்காம போய்ட்டான். ஆனா எடது ஓரத்துல பைப் போட ரோட்ட குறுக்க தோண்டி மூடின எடம் ஒன்னு இருந்துச்சு, மூடின மண்ணு மழைக்கு எறங்கி தார் பள்ளமா போயிருந்துச்சு, தண்ணி நின்னதால பாக்குறவங்க கண்ணுக்கு அது சும்மா ஈர ரோடு தான். பிற்பாடு காஞ்ச நாள்ல நான் போய் அளந்தேன், அகலம் 80 சென்டிமீட்டர், ஆழம் அதிகமா இருக்கிற எடத்துல 12 சென்டிமீட்டர். அந்தப் பள்ளத்துல முன்சக்கரம் ரெண்டும் எறங்கி ஏறுச்சு, கால் செகண்டுல பின்சக்கரமும் எறங்கி ஏறுச்சு. அவ்ளோ தான் சம்பவம்.

டேஷ்கேம் கிளிப்ப நான் எத்தன தடவ பாத்தேன்னு தெரியாது. படத்துல பெருசா ஒன்னும் தெரியாது, ரோடு ஒரு குலுங்கு குலுங்கும், அவ்ளோ தான். சத்தத்த கேட்டா தான் விஷயம் புரியும். டம்முனு ஒன்னு, உடனே இன்னொரு டம், ரெண்டுக்கும் நடுவுல "ஹக்"குனு ஒரு சத்தம். அது அண்ணனோட மூச்சு. அதுக்கப்புறம் பதினஞ்சு செகண்ட் லோரி நிக்குது, வைப்பர் மட்டும் ஓடுது, ஒரு பேச்சும் இல்ல. மூச்சு வாங்க முடியாம அப்படியே ஸ்டியரிங்க புடிச்சுகிட்டு இருந்தேன்னு பின்னாடி சொன்னாரு. அப்புறம் மெதுவா கியர் போட்டு கெளம்பிட்டாரு. ஸ்டோருக்கு வந்து பேலட்ட அவரே எறக்கிருக்காரு.

டிரிப் ஷீட்ல கடைசி கட்டத்துல "லுபாங். லோரி ஓகே"ன்னு எழுதி கையெழுத்து போட்டிருக்காரு, லுபாங்னா பள்ளம். நான் அத பாத்தேன், என் இனிஷியல போட்டேன், ஃபைல்ல சேத்தேன். ஆளு ஓகேவான்னு அந்த ஷீட்ல கேக்குற எடமே கெடையாது, நானும் வாய் தொறந்து கேக்கல. இத மறைக்காம எழுதணும்னு தான் எழுதுறேன்.

ஒன்பது நாள்

அன்னைக்கு ராத்திரி அண்ணி எண்ணெய் தேச்சு விட்டாங்க. புதன்கிழமை மறுபடியும் ரெண்டு டிரிப். புதன் ராத்திரில இருந்து வயிறு உப்பிருச்சு, வெளிய போகல, சாப்பாடு எறங்கல. வியாழக்கிழமை மொகத்த பாத்துட்டு "என்னண்ணே, மொகம் ஒரு மாதிரி இருக்கு"ன்னு கேட்டேன், "ஒன்னும் இல்ல தங்கச்சி, காத்து புடிச்சுகிச்சு, இஞ்சி தண்ணி குடிச்சா எறங்கிரும்"னு சொன்னாரு. நம்ம ஊர்ல முதுகு வலியும் வயிறு உப்புசமும் சேந்து வந்தா காத்துன்னு தானே எல்லாரும் சொல்லுவோம், மலாய்க்காரங்களும் ஆங்கின்னு அதையே தான் சொல்லுவாங்க. நானும் சரின்னு விட்டுட்டேன். உண்மைல அந்த வயிறு தான் மொத அறிகுறி. இடுப்புக்கு மேல உள்ள முதுகெலும்பு உடைஞ்சா அதுக்கு முன்பக்கம் ரத்தம் கசிஞ்சு கட்டி, குடலுக்கு போற நரம்புங்கள தொந்தரவு பண்ணி, சில பேருக்கு குடல் கொஞ்ச நாள் ஓடாம நின்னுரும், காத்து பிரியாது, வயிறு பெலூன் மாதிரி ஆயிரும். இஞ்சி தண்ணிக்கு அது எறங்காது.

வெள்ளிக்கிழமை கிளினிக் போனாரு. டாக்டர் கேக்க வேண்டியத கேட்டிருக்காரு, "ஆக்சிடனா?"ன்னு. அண்ணன் "ஆக்சிடன் இல்ல டாக்டர், லுபாங்ல எறங்குச்சு, எதுலயும் மோதல"ன்னு சொல்லிட்டாரு. முதுகுல கை வச்சு பாத்தாங்களான்னு கேட்டேன், சட்டைய கூட தூக்கலன்னு சொன்னாரு. தசைப்பிடிப்புன்னு எழுதி, ஒரு வலி ஊசி, மாத்திரை, ரெண்டு நாள் எம்சி (மருத்துவ லீவு). ஊசி போட்டதுல அன்னைக்கு வலி கொறைஞ்சுருச்சு, அதான் இன்னும் மோசம், ஏன்னா ஞாயித்துக்கிழமை பக்கத்து தாமான் குடியிருப்புல உருவி விடுற அத்தைகிட்ட போய் படுத்துட்டாரு. அவங்க நல்ல மனசோட தான் செஞ்சாங்க, நாப்பது வருஷமா செய்றாங்க, அவங்கள குத்தம் சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா உடைஞ்ச முதுகெலும்பு மேல முட்டியாலயும் கட்டை விரலாலயும் அழுத்துறது எவ்ளோ ஆபத்துன்னு இப்ப நெனச்சாலும் எனக்கு வயிறு கலங்குது. எலும்போட பின்சுவரும் உடைஞ்சிருந்து ஒரு துண்டு நரம்புக்குழாய்க்குள்ள தள்ளிருந்தா, கால் வலுவிழந்து போயிருக்கலாம், ஒன்னுக்கு போறது நின்னு போயிருக்கலாம். முதுகு அடிக்கு அப்புறம் கால் மரத்து போறது, கால் தூக்க முடியாம போறது, சிறுநீர் வராம அடைக்கிறது இல்ல தெரியாமயே போறது, உக்கார்ற எடம், தொடை நடுவுல உணர்ச்சி இல்லாம போறது, இதுல ஒன்னு வந்தாலும் உருவுற எடத்துக்கு இல்ல, கிளினிக்குக்கும் இல்ல, நேரா பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு போகணும், ராத்திரி ரெண்டு மணின்னாலும்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை, ஒன்பதாவது நாள். மத்தியானம் அரிசி மூட்டை அடுக்கின எடத்துல அண்ணன் மல்லாந்து படுத்திருந்தாரு. டெலிவரி ஆர்டர்ல கையெழுத்து வாங்க போனேன். எந்திரிக்க பாக்குறாரு, முடியல. ஒருக்களிச்சு திரும்பி, கையூனி, மூட்டைய புடிச்சு, பல்ல கடிச்சுகிட்டு, பாதி குனிஞ்ச மாதிரியே நின்னாரு. நெத்தில வேர்வை. "படுத்தா ஒன்னும் இல்ல தங்கச்சி, எந்திரிச்சா தான்"னு சொன்னாரு. தசை வலின்னா ஒன்பது நாள்ல கொஞ்சமாச்சும் கொறையணும், இது கூடிகிட்டே போகுது. அப்ப தான் அந்த டிரிப் ஷீட் ஞாபகம் வந்துச்சு. "அண்ணே, அன்னைக்கு லுபாங்ல எறங்குனப்ப சீட்ட விட்டு எழும்பினீங்களா?"ன்னு கேட்டேன். அவரு என்ன சொன்னாரு தெரியுமா, "எழும்பினேனாவா, பறந்துட்டு வந்து உக்காந்தேன்மா, உக்காந்தப்ப உள்ள ஏதோ பொத்துனு உள்வாங்குன மாதிரி இருந்துச்சு". ஒன்பது நாளா அவரு அத யார்கிட்டயும் சொல்லல, ஏன்னா யாரும் அத கேக்கல. எதுல மோதினீங்கன்னு தான் எல்லாரும் கேட்டாங்க.

அவர வேற வண்டிய ஓட்ட விடாம நானே கார்ல பின் சீட்ல படுக்க வச்சு அரசாங்க ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போனேன். (ஆம்புலன்ஸ் கூப்பிட்டிருக்கணும். முதுகெலும்பு சந்தேகம்னா ஆள நகத்தாம 999 அடிக்கிறது தான் சரி. அப்ப எனக்கு தோணல.) எமர்ஜென்சில சின்ன வயசு டாக்டர் ஒருத்தங்க, தமிழ் பொண்ணு, சட்டைய தூக்கி முதுகெலும்பு ஒவ்வொன்னா மேல இருந்து கீழ கைமுஷ்டியால மெதுவா தட்டிட்டே வந்தாங்க. ஒரு எடத்துல தட்டுனதும் அண்ணன் கட்டில் கம்பிய எட்டி புடிச்சாரு. பக்கவாட்டுல எக்ஸ்ரே எடுத்தா எல்1 எலும்பு, அதாவது இடுப்புப் பகுதியோட மொத எலும்பு, முன்பக்கம் நசுங்கி ஆப்பு மாதிரி இருக்கு. சிடி ஸ்கேன்ல பின்சுவர் முழுசா இருக்கு, நரம்புக்கு ஒன்னும் இல்ல. முன்பக்க உயரத்துல 30 சதவீதம் போச்சு. அந்த ஸ்கிரீன்ல பாத்தப்ப எனக்கு பேச்சு வரல, மத்த எலும்பெல்லாம் சதுரமா அடுக்கி வச்ச கல்லு மாதிரி இருக்கு, அந்த ஒன்னு மட்டும் ஒரு பக்கம் மிதிபட்ட பெட்டி மாதிரி.

ஏன் அந்த எலும்பு, ஏன் அப்படி

நெஞ்சுப் பகுதி முதுகெலும்புங்கள விலா எலும்பு கூடு மாதிரி சுத்தி புடிச்சிருக்கு, அது அதிகமா அசையாது. அதுக்கு கீழ இடுப்புப் பகுதி நல்லா வளையும். வெறைப்பான பாகமும் வளையுற பாகமும் சேர்ற எடம் டி12 (நெஞ்சுப் பகுதியோட கடைசி எலும்பு), எல்1. மேல இருந்தோ கீழ இருந்தோ ஒரு இடி வந்தா அது போய் நிக்கிற எடம் அது தான். போர் விமானத்துல இருந்து சீட்டோட வெளிய தூக்கி வீசப்படுற பைலட்டுங்களுக்கும் இந்த எலும்புங்க தான் அடிபடும், பஸ் போங்கோல் (வேகத்தடை) மேல வேகமா ஏறி எறங்குனா கடைசி சீட்ல இருக்கிறவங்களுக்கும் இதே எலும்பு நசுங்கின கேஸ் பல நாட்டு மருத்துவ இதழ்ங்கள்ல வந்திருக்கு. அவங்க யாரும் எதுலயும் மோதினவங்க இல்ல.

முன்பக்கம் மட்டும் ஏன் நசுங்குச்சு? அதுக்கு பதில் லோரிக்குள்ளயே இருந்துச்சு. ஆஸ்பத்திரில சேத்துட்டு மறுநாள் நான் அந்த லோரிய பூட்டி வச்சு உள்ள ஒவ்வொரு எடமா பாத்தேன். டிரைவர் பக்கம் வெயிலுக்கு மறைக்க மடக்கி விடுற அட்டை இருக்குல்ல, அதுல திருநீறு. ரெண்டு வெரல் அகலத்துக்கு, கீழ இருந்து மேல இழுத்த மாதிரி ஒரு தடம். அண்ணன் காலைல சாமி கும்பிட்டு நெத்தி நிறைய திருநீறு பூசாம லோரில ஏற மாட்டாரு. தல எதுலயும் படலன்னு தான் அவரு சொல்லிட்டிருந்தாரு, ஆனா நெத்தி அந்த அட்டை வரைக்கும் போயிருக்கு. பிரேக் போட்டதால ஒடம்பு முன்னாடி மடங்குது, அதே நேரத்துல பள்ளத்துல இருந்து ஏறுன வேகத்துல மேல எழும்புது, எழும்பி குனிஞ்ச நெலமைலயே சீட்ல வந்து விழுது. நிமிந்து விழுந்தா பாரம் எலும்பு முழுக்க பரவும், குனிஞ்சு விழுந்தா முன்விளிம்புல மொத்தமா எறங்கும். ஆப்பு மாதிரி நசுங்கினதுக்கு காரணம் அது. பெல்ட் போட்டிருந்தாரு, ஆனா வயிறு இறுக்குதுன்னு எல்லா டிரைவரும் பண்ற மாதிரி இடுப்புப் பட்டைய தளத்தி விட்டிருந்தாரு, அந்த தளர்ச்சி அளவுக்கு ஒடம்பு பறக்க எடம் கெடைச்சிருச்சு. பட்டை இடுப்பெலும்போட ஒட்டி இருந்திருந்தா சீட்ட விட்டு அவ்ளோ எழும்பிருக்க மாட்டாரு.

சீட்டு

இதுல தான் எனக்கு ரொம்ப மனசு கஷ்டம். சின்ன லோரில டிரைவர் சீட்டுக்கு கீழ தனி ஸ்பிரிங்கோ காத்துப் பையோ கெடையாது, ரெக்சின், அதுக்குள்ள பஞ்சு, அதுக்கு கீழ பலகை. அதே மாடல் புது லோரி ஒன்னு எங்ககிட்ட இருக்கு, அதுல பஞ்சு 9 சென்டிமீட்டர். அண்ணனோட சீட்ல உக்கார்ற எலும்பு படுற எடத்துல ரெக்சின கிழிச்சு ஸ்டீல் ஸ்கேல குத்தி பாத்தா 3.5 தான். அதுக்கு மேல ஒரு துண்டும் மடிச்ச அரிசி சாக்கும் போட்டு வச்சிருந்தாரு. எத்தன மாசமா அந்த சாக்கு அங்க இருக்குன்னு கேட்டா "அது வருஷக் கணக்காச்சு தங்கச்சி"ன்னு சொல்றாரு. டயர் தேஞ்சா மாத்துறோம், பிரேக் லைனிங் மாத்துறோம், வண்டிய பரிசோதிக்கிற புஸ்பாகோம்ல செக் பண்ண போறதுக்கு முன்னாடி லைட் எல்லாம் பாக்குறோம், டிரைவர் எட்டு மணி நேரம் உக்கார்ற பஞ்சு தேஞ்சத யாரும் அளந்ததே இல்ல. மேல இருந்து விழுற ஒடம்ப கொஞ்ச கொஞ்சமா நிறுத்துறது அந்தப் பஞ்சு தான், அது இல்லன்னா பலகைல நேரா விழுற மாதிரி.

இன்னும் மூனு விஷயம் ஒன்னா சேந்துகிச்சு. லோரி காலி. பின்னாடி அடுக்கடுக்கா இருக்கிற தகடு ஸ்பிரிங், முழு லோடு தாங்குறதுக்கு செஞ்சது, காலியா இருந்தா அது வளையாது, கட்டை மாதிரி நிக்கும், டயர் காத்தும் லோடுக்கு ஏத்த மாதிரி அடிச்சது தான். லோரி டிரைவருங்க எல்லாருக்கும் தெரியும், லோடு இருந்தா மிதந்துட்டு போகும், காலியா வந்தா குடல தூக்கி போடும்னு சொல்லுவாங்க. அடுத்தது, இந்த மாதிரி மூக்கு இல்லாத லோரில டிரைவர் உக்கார்ற எடம் முன்சக்கரத்துக்கு நேர் மேல, சக்கரம் வாங்குறது அப்படியே சீட்டுக்கு வரும். அப்புறம் பிரேக். பிரேக் மிதிச்சா லோரி முன்னாடி குனியும், முன் ஸ்பிரிங் ஏற்கனவே அமுங்கிரும், பள்ளத்துக்கு அப்புறம் அமுங்குறதுக்கு மிச்சம் எடம் இல்லாம ஸ்பிரிங்க நிறுத்துற ரப்பர் கட்டைல போய் இடிக்கும். டேஷ்கேம்ல கேட்ட மொத டம் அது தான்னு எங்க மெக்கானிக் சொன்னாரு, கீழ படுத்து பாத்தா முன்னாடி ரப்பர் கட்டைல புதுசா நசுங்கின தழும்பு இருந்துச்சு.

அண்ணனுக்கு எலும்பு அடர்த்தி டெஸ்டும் எடுத்தாங்க, கொஞ்சம் கம்மி. முப்பது வருஷமா சிகரெட். அதனால தான் உடைஞ்சுச்சுன்னு ஒருத்தர் ஆபிஸ்ல சொன்னாரு, எனக்கு கோவம் வந்துருச்சு. எலும்பு கொஞ்சம் பலவீனமா இருந்தா இன்னும் கொஞ்சம் சீக்கிரம் உடையும், சரி. ஆனா அம்பது வயசு தாண்டின டிரைவருங்க எத்தனையோ பேரு பினாங்குல லோரி ஓட்டுறாங்க, அவங்க எலும்புக்கு ஏத்த மாதிரி சீட் இருக்கணும், சீட்டுக்கு ஏத்த மாதிரி எலும்ப செஞ்சுட்டு வர முடியாது.

மோதாம வர்ற மத்த அடிங்க

மோதல் இல்லாத ஆக்சிடன்னு சொன்னா எல்லாருக்கும் மொதல்ல ஞாபகம் வர்றது லோரி தானா கவுறது தான். ஹைவேல இருந்து எறங்குற வளைவுல அது நடக்கும். லோடு ஏத்தின பெரிய லோரி, பக்கவாட்டுல தள்ளுற விசை அதோட எடைல சுமார் 40 சதவீதம் வந்தாலே உள்பக்க சக்கரம் தூக்கிரும், பாரம் ஒசரமா ஏத்திருந்தா அதுக்கும் முன்னாடியே. 50 மீட்டர் ஆரம் உள்ள வளைவுல மணிக்கு 40 கிலோமீட்டர்ல போனா அந்த விசை 25 சதவீதம், 50ல போனா 39. பத்து கிலோமீட்டர் தான் கூடுச்சு, நிக்கிறதுக்கும் கவுறதுக்கும் உள்ள தூரம் அவ்ளோ தான். பாதி ரொப்பின டேங்கர்னா எண்ணெய் ஒரு பக்கமா சாஞ்சு இன்னும் சீக்கிரம் தள்ளிரும். இது போக, திடீர் பிரேக்ல கட்டாத லோடு பின்னாடி இருந்து கேபின முட்டுறது, பள்ளத்துல ஸ்டியரிங் படார்னு சுத்தி கட்டை விரல் முறியிறது (கட்டை விரல ஸ்டியரிங் வளையத்துக்கு உள்ள சுத்தி புடிக்காம மேல வச்சு புடிக்கணும்), கழுத்து சவுக்கு மாதிரி வீசி மறுநாள் தான் வலி எடுக்குறது, எல்லாம் இந்த ரகம் தான்.

இது ஒன்னும் அபூர்வமான விஷயமும் இல்ல. உலக சுகாதார நிறுவனத்தோட நோய் வகைப்பாட்டுல, ஐசிடி 10ல, இதுக்குன்னே தனி நம்பர் இருக்கு. மோதல் இல்லாத போக்குவரத்து விபத்துல அடிபட்டவங்க, கார்னா வி48, பிக்கப் வேன்னா வி58, பெரிய லோரின்னா வி68, பஸ்னா வி78. பின்னாடி .5 வந்தா ரோட்டு போக்குவரத்துல அடிபட்ட டிரைவர்னு அர்த்தம். அதாவது மோதினா தான் ஆக்சிடன்னு மருத்துவ உலகம் எப்பவும் சொன்னதே இல்ல. நம்ம வாய்ல தான் அது அப்படி ஒட்டிகிச்சு.

பேப்பர் வேலை

மலேசியாவோட சாலைப் போக்குவரத்து சட்டம் 1987, பிரிவு 52 என்ன சொல்லுதுன்னா, ஒரு வண்டியால ரோட்ல விபத்து நடந்து யாருக்காவது காயமோ, ஏதாவது சேதமோ ஆனா டிரைவர் 24 மணி நேரத்துக்குள்ள போலீஸ்ல ரிப்போர்ட் பண்ணணும். இன்னொரு வண்டி இருக்கணும்னு கட்டாயம் இல்ல. அண்ணனுக்கு இது தெரியாது, தெரிஞ்சிருந்தாலும் அன்னைக்கு காயம்னு அவரு நெனைக்கல. பத்தாவது நாள் நான் பாலாய்க்கு (போலீஸ் ஸ்டேஷன்) போனேன், கவுண்டர்ல இருந்தவரு "லங்கார் அப்பா, எத மோதுனீங்க?"ன்னு மூனு தடவ கேட்டாரு, ஒன்னும் லங்கார் பண்ணலன்னு மூனு தடவ சொன்னேன், எக்ஸ்ரே காப்பிய காட்டினதுக்கு அப்புறம் எழுதிகிட்டாரு.

சொக்சோ, அதாவது தொழிலாளருங்களுக்கான சமூகப் பாதுகாப்பு நிறுவனம், அங்க தான் பெரிய வேலை. வேலை நேரத்துல நடந்த விபத்து, முதலாளி தெரிஞ்ச 48 மணி நேரத்துக்குள்ள சொல்லணும், 34ம் நம்பர் ஃபாரம் ரொப்பணும், நாங்க தெரிஞ்ச அன்னைக்கே அனுப்பிட்டோம். தற்காலிகமா வேலை செய்ய முடியாம போறதுக்கு கெடைக்கிற காசு, சராசரி நாள் சம்பளத்துல 80 சதவீதம், ஆனா எம்சி விபத்து நாளையும் சேத்து நாலு நாளுக்கு கொறையாம இருக்கணும். அந்த கிளினிக் குடுத்த ரெண்டு நாள் எம்சியோட நின்னிருந்தா அண்ணனுக்கு ஒரு சென் கெடைச்சிருக்காது. அது போக அந்த கிளினிக் குறிப்புல "முதுகு வலி, அடி எதுவும் இல்ல"ன்னு எழுதிருக்காங்க. அந்த ஒரு வரிக்கு தான் அஞ்சு வாரம் இழுத்துச்சு. அடி இல்லன்னு டாக்டர் எழுதிருக்காரு, அதுக்கப்புறமும் வேலைக்கு வந்திருக்காரு, போலீஸ் ரிப்போர்ட் பத்தாவது நாள், அப்ப எலும்பு வீட்ல உடையலன்னு என்ன நிச்சயம்? கேள்வி நியாயமான கேள்வி தான், நான் கோவிச்சுக்கல.

பதில் சொன்னது டேஷ்கேம். அதுக்குள்ள அதிர்ச்சிய உணர்ற ஒரு சென்சார் இருக்கு, பெரிய குலுக்கல் வந்தா அந்த கிளிப்ப தனியா பூட்டி வச்சிரும், மத்த கிளிப் மேல மேல பதிவாகி அழிஞ்சு போனாலும் இது அழியாது. தேதி, நேரம் 2.47, வேகம், சத்தம் எல்லாம் அதுல இருந்துச்சு. கூடவே அந்த "லுபாங். லோரி ஓகே" ஷீட்டு, என் இனிஷியலோட. எனக்கு வெக்கமா இருந்த அதே ஷீட்டு தான் அன்னைக்கு லுபாங்ல எறங்குச்சுன்னு அண்ணன் கையால எழுதின சாட்சி. கேஸ் ஏத்துக்கிட்டாங்க.

இப்ப

அண்ணன் மூனு நாள் வார்டுல இருந்தாரு, ஆபரேஷன் தேவைப்படல. நெஞ்சுல இருந்து இடுப்பு வரைக்கும் புடிக்கிற பிளாஸ்டிக் கூடு மாதிரி ஒன்னு, பத்து வாரம் போட்டுகிட்டு நடக்கணும், குனியக் கூடாது, தூக்கக் கூடாது. அந்த தீபாவளிக்கு அவரு கூட்டுக்கு மேல புது சட்டைய போட்டு நாற்காலில நிமிந்து உக்காந்திருந்தாரு, பேரப்பிள்ளைங்க டொக் டொக்குனு தட்டி பாத்துட்டு ஓடுதுங்க. நசுங்கின உயரம் திரும்ப வராது, ஒன்னரை சென்டிமீட்டர் கொறைஞ்சுட்டாருன்னு அண்ணி சுவத்துல கோடு போட்டு வச்சிருக்காங்க. பிசியோ போனாரு, சொக்சோவோட வேலைக்குத் திரும்புற திட்டம் 2007ல இருந்து இருக்கு, அதுல ஒரு ஆபிசர் வந்து ஸ்டோர பாத்து, எது செய்யலாம் எது கூடாதுன்னு எங்க முதலாளி தவுக்கேகிட்ட உக்காந்து பேசினாங்க. நாலரை மாசம் கழிச்சு ஸ்டோர்ல ஸ்டாக் எழுதுற வேலைக்கு வந்தாரு. லோரி மறுபடி ஓட்டணும்னு ஆசை, டாக்டர் இன்னும் சரின்னு சொல்லல.

ஒன்பது லோரி சீட்டும் நான் ஸ்கேல் குத்தி அளந்தேன். ஆறுல பஞ்சு அஞ்சு சென்டிமீட்டருக்கு கீழ. தவுக்கே மொதல்ல வெல கேட்டாரு, பட்டர்வொர்த்ல சீட் தைக்கிறவரு சொன்ன வெலயவும், அண்ணன் இல்லாத நாலரை மாசத்துக்கு வாடகை டிரைவருக்கு குடுத்த காசையும் பக்கத்துல பக்கத்துல எழுதி வச்சேன், மறுநாளே அனுப்பிட்டாரு. அதுக்கு முன்னாடி, அண்ணன் கூடு போட்டிருந்தப்பவே, டிரிப் ஷீட்ல ஒரு வரி சேத்தோம். "இன்னைக்கு சீட்ட விட்டு எழும்பினீங்களா, எங்க, முதுகு கழுத்து வயிறு எப்படி இருக்கு?" டிரைவருங்க மொதல்ல சிரிச்சாங்க, அண்ணன் ஒவ்வொருத்தர்கிட்டயும் சட்டைய தூக்கி கூட்ட காட்டினாரு, அப்புறம் சிரிக்கல.

போன வாரம் 29 வயசு பையன் ஒருத்தன் அந்த வரில "ஆமா, ஜூரு கிட்ட, முதுகு கொஞ்சம்"னு எழுதிருந்தான். ஷீட்ட பாத்த அந்த நிமிஷமே போலீஸ் ரிப்போர்ட்டுக்கும் எக்ஸ்ரேக்கும் அனுப்பினேன், இந்த தடவ சட்டைய தூக்கி தட்டி பாக்க சொல்லுன்னு சொல்லி விட்டேன். சாயங்காலம் மெசேஜ் போட்டான், "ஒன்னும் இல்லக்கா, தசை தான், டாக்டர் தட்டி பாத்தாங்க". அவன் டிரிப்ப வேற ஆள் ஓட்டுனாரு, லோடு ஒன்றரை மணி நேரம் லேட்டா போச்சு.